மழையில் கைமாறிய கோப்பை: நிறவெறியை எதிர்கொண்டு வென்ற கோல்ஃப் வீரர் பாப்வா சியூகோலம்

தேவ்நார் (மும்பை): மும்பையின் கிழக்குப் புறநகரான தேவ்நாரை ஒட்டிய செம்பூரில், பம்பாய் பிரசிடென்சி கோல்ஃப் கிளப்பின் புல்வெளி பரந்து கிடக்கிறது. அங்கு ஆட வருவோரின் மட்டைப் பையைச் சுமந்து உடன் நடக்கும் உதவியாளர்கள் பலர் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். இவர்களுக்குக் 'கேடி' என்று பெயர். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்றாலும், கோல்ஃப் திடலில் அது நுணுக்கம் தெரிந்த ஒரு தொழிலின் பெயர். பணி முடிந்தபின் இவர்களில் சில இளைஞர்கள் செம்பூரின் குடிசைச் சந்துகளில், வளைத்த இரும்புக் கம்பியையே மட்டையாக்கி, பிளாஸ்டிக் பந்தை அடித்துத் தங்களுக்கென ஓர் ஆட்டத்தை உருவாக்கிக்கொண்டனர். அந்த ஆட்டத்தின் படங்கள் வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வெளியாகின.

பை சுமந்தவர் பின்னர் மட்டை ஏந்தி வென்ற வரலாறு இந்தியாவிலும் உண்டு. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர், 1991ஆம் ஆண்டு இந்தியன் ஓபன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரரானார். ஆனால் இந்த வரலாற்றின் மிகக் கடினமான பக்கம் எழுதப்பட்டது இந்தியாவில் அன்று. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, இந்தியப் பெருங்கடலின் மறுகரையில் உள்ள டர்பன் நகரில், இந்திய வம்சாவளிக் கேடி ஒருவர் அதை எழுதினார். அவர் பெயர் சியூசங்கர் சியூகோலம். ஊரும் உலகமும் அவரை அழைத்த பெயர் பாப்வா.

டர்பன் நகரம் தமிழர்களுக்கு அந்நியமானதன்று. சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி அந்தத் துறைமுகத்தை அடைந்தது. அதில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அடுத்து கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் வந்தன. 1911ஆம் ஆண்டு வரையிலான அரை நூற்றாண்டில் சுமார் ஒன்றரை லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நடால் மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். காந்தியடிகளின் போராட்டமும் தில்லையாடி வள்ளியம்மையின் தியாகமும் இந்த மக்களிடையேதான் நிகழ்ந்தன.

பாப்வாவும் இந்த ஒப்பந்தக் கூலிகளின் வழித்தோன்றல். அவருடைய பெயரின் ஒலி வட இந்தியச் சாயல் கொண்டது. சிவசங்கர் என்று நாம் எழுதும் பெயரே, குடியேற்ற அலுவலகங்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் உருமாறிச் 'சியூசங்கர்' என நிலைத்தது. ராம்கூலம் போன்ற மொரீஷியஸ் பெயர்களிலும் இதே உருமாற்றத்தைக் காணலாம்.

1928ஆம் ஆண்டு பிறந்த பாப்வா, டர்பன் நகரின் வடக்கே உம்கேனி ஆற்றை ஒட்டிய ரிவர்சைடு பகுதியில் வறிய குடும்பத்தில் வளர்ந்தார். தாய்க்குக் கண்பார்வை இல்லை. மகனுக்குப் பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவராகவே அவர் வளர்ந்தார். வீட்டருகே வெள்ளையர்களுக்கான கோல்ஃப் திடல் இருந்தது. அத்திடலுக்குள் ஓர் இந்தியச் சிறுவன் நுழைய ஒரே வழி, மற்றவரின் பையைத் தோளில் சுமப்பதுதான்.

சொந்தமாக மட்டை வாங்க வசதி இல்லாத அச்சிறுவன், மரக்கிளையை வெட்டிச் செதுக்கி மட்டையாக்கிக்கொண்டான். வெறுங்காலுடன் மணலிலும் புல்லிலும் பந்தடித்துப் பழகினான். பிடி இப்படி இருக்க வேண்டும் என்று திருத்துவதற்குப் பயிற்சியாளர் யாருமில்லை. அதனால் தவறென்று உலகம் கருதிய ஒரு பிடி அவன் கைகளில் படிந்துவிட்டது.

வலக்கைப் பழக்கமுள்ள கோல்ஃப் ஆட்டக்காரர்கள் அனைவரும் இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைத்தே மட்டையைப் பிடிப்பர். கிரிக்கெட்டில் வலக்கை மட்டையாளர் பிடிப்பதும் அவ்வாறே. பாப்வா இதைத் தலைகீழாகச் செய்தார். வலக்கை மேலே, இடக்கை கீழே. இப்படிப் பிடித்து ஒருவர் கிரிக்கெட் மட்டையை ஓங்கிச் சுழற்றிப் பார்த்தால் மணிக்கட்டுகள் ஒன்றோடொன்று மோதுவதையும் வலு பாதியிலேயே நின்றுவிடுவதையும் உடனே உணர்வார். அத்தகைய பிடியில் பந்தை இருநூறு கஜத்துக்கு அப்பால் குறிதவறாமல் அனுப்புவது எப்படி என்பது பயிற்சியாளர்களுக்கு விளங்காத புதிராகவே இருந்தது. அந்தப் பிடிக்குப் பின்னாளில் அவர் பெயரே வழங்கலாயிற்று.

வளர்ந்தபின் வெள்ளையர் அல்லாதோருக்கான போட்டிகளில் பாப்வா வெற்றிகளைக் குவித்தார். ஆனால் அந்தப் போட்டிகளின் உலகம் மிகச் சிறியது. திடல்கள் குறைவு; பரிசுத் தொகை சொற்பம். வெள்ளை ஆட்டக்காரர்களுடன் ஒரே களத்தில் நின்று தம் தரத்தை அளந்து பார்க்கும் வாய்ப்பு தாய்நாட்டில் இல்லை. 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி இன ஒதுக்கலைச் சட்டமாக்கத் தொடங்கியிருந்தது. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்பதை அரசே தீர்மானிக்க வழிவகுத்தது. டர்பனின் இந்தியக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் தலைமுறைகளாக வாழ்ந்த தெருக்களிலிருந்து பெயர்க்கப்பட்டு, நகருக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த் போன்ற புதிய குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன.

பாப்வாவுக்கு வெளியுலகின் கதவைத் திறந்தவர் வேதியியலாளர் கிரஹாம் வுல்ஃப். உலகெங்கும் பின்னர் புகழ்பெற்ற 'ஆயில் ஆஃப் ஓலே' முகப்பூச்சை 1950களின் தொடக்கத்தில் டர்பனில் உருவாக்கியவர் இவர். கோல்ஃப் திடலில் பாப்வாவின் திறமையைக் கண்ட அவர், தமது தொழிற்கூடத்தில் வேலை கொடுத்தார். 1959ஆம் ஆண்டு தமது சிறு விமானத்திலேயே அவரை ஐரோப்பாவுக்கு அழைத்தும் சென்றார். வெள்ளை முதலாளி ஒருவரின் பரிவு கிடைத்திராவிட்டால் பாப்வா என்ற பெயர் டர்பனுக்கு வெளியே எட்டியிருக்குமா என்பது ஐயமே. அவரளவு திறமை இருந்தும் விமானம் ஏற வழியில்லாமல் போன கேடிகள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு எந்தப் பதிவேட்டிலும் விடை இல்லை.

அதே ஆண்டு நெதர்லாந்தில் நடைபெற்ற டச்சு ஓபன் போட்டியில் பாப்வா பட்டம் வென்றார். ஐரோப்பாவின் தேசியப் பட்டங்களில் ஒன்றை, அதுவரை யாரும் கேள்விப்பட்டிராத, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முன்னாள் கேடி, தலைகீழான பிடியோடு வென்றது கோல்ஃப் உலகைத் திகைக்க வைத்தது. அதை அதிர்ஷ்டம் என்று கருதியவர்களுக்கு மறு ஆண்டே பதில் கிடைத்தது: 1960இலும் அவரே சாம்பியன். 1964இல் மூன்றாவது முறையாகவும் அதே பட்டத்தை வென்றார். கோல்ஃப் போட்டி பொதுவாக நான்கு நாள்கள், நாளொன்றுக்கு 18 குழிகள் என நீள்வது. நால்வகை வானிலையில் நிதானம் தவறாதவருக்கே வெற்றி. ஒரே தேசியப் பட்டத்தை ஆறு ஆண்டுகளில் மூன்று முறை வெல்வது தற்செயலாக நிகழக்கூடியதன்று.

ஐரோப்பிய மண்ணில் அவர் மற்ற வீரர்களோடு ஒரே விடுதியில் உடை மாற்றினார். ஒரே அறையில் உணவு உண்டார். தாயகம் திரும்பியதும் அவர் மீண்டும் வெள்ளையர் அல்லாதவர் ஆனார். இதற்கிடையே 1960ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் தேதி ஷார்ப்வில் நகரில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 69 பேர் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு தென்னாப்பிரிக்கா காமன்வெல்த் அமைப்பிலிருந்து வெளியேறியது. உலக அரங்கில் நாட்டின் பெயர் கெட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான், டச்சு ஓபன் சாம்பியனை உள்நாட்டுப் போட்டிகளில் அனுமதிக்க மறுப்பதற்குக் காரணம் சொல்வது அரசுக்குக் கடினமாயிற்று. சிறப்பு அனுமதியின் பேரில் சில போட்டிகளில் அவர் ஆட இசைவு கிடைத்தது.

அந்த அனுமதி திடலின் புல்லுக்கு மட்டுமே உரியது. கிளப் கட்டடத்துக்குள் அவர் காலடி வைக்கக் கூடாது. உடை மாற்றுவதும் உணவு உண்பதும் வாகனத்தில்தான். இத்தகைய நிபந்தனைகளை ஏற்று ஆடுவதே நிறவெறிக்கு உடன்படுவதாகாதா என்ற கேள்வி போராட்டத் தரப்பில் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அரசியல் மேடை எதையும் நாடாத, ஆட்டம் ஒன்றே பிழைப்பும் பெருமையுமாக இருந்த ஒரு மனிதரிடம், ஆடாமல் இரு என்று சொல்வது அவருடைய ஒரே உடைமையைக் கைவிடச் சொல்வதற்கு ஒப்பாகும். பாப்வா ஆடுவதைத் தேர்ந்தார்.

1963ஆம் ஆண்டு டர்பன் கண்ட்ரி கிளப்பில் நடால் ஓபன் போட்டி நடைபெற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளை ஆட்டக்காரர்கள் களமிறங்கிய அப்போட்டியில் பாப்வா வென்றார். தென்னாப்பிரிக்காவின் மாகாண ஓபன் பட்டம் ஒன்றை வெள்ளையர் அல்லாத ஒருவர் கைப்பற்றியது அதுவே முதல்முறை. பரிசளிப்பு வேளையில் மழை பெய்தது. மற்றவர்கள் கட்டடத்தினுள் இருக்க, சாம்பியன் வெளியே மழையில் நின்று கோப்பையைப் பெற்றுக்கொண்டார். கட்டடத்துக்குள் பரிமாறும் பணியாளராக ஓர் இந்தியர் நுழையத் தடை இருக்கவில்லை. வெற்றியாளராக நுழையத்தான் தடை.

அந்தக் காட்சியின் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வெளியானது. ஆயிரம் கண்டனத் தீர்மானங்கள் சொல்ல முயன்றதை, நனைந்த உடையோடு கோப்பையை ஏந்தி நின்ற ஒரு மனிதரின் படம் ஒரே பார்வையில் சொல்லிவிட்டது. தென்னாப்பிரிக்காவை விளையாட்டு உலகிலிருந்து ஒதுக்கிவைக்க வேண்டும் என்று வலியுறுத்திய இயக்கத்தினர் அந்தப் படத்தைத் தங்கள் சான்றாக்கினர். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான அழைப்பைத் தென்னாப்பிரிக்கா இழந்தது. 1970இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது. இவற்றுக்குக் காரணங்கள் பல. ஆனால் சாதாரண வாசகருக்கு நிறவெறி என்றால் என்னவென்று புரியவைத்ததில் அந்த மழைநாள் படத்துக்கு நிச்சயமாகப் பங்குண்டு.

ஆசியாவில் அதே காலத்தில் நடந்த இன்னொரு கோல்ஃப் வெற்றியோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். 1957ஆம் ஆண்டு டோக்கியோ அருகே கசுமிகசேகி திடலில் நடந்த கனடா கோப்பைப் போட்டியில், ஜப்பானின் டொராகிச்சி நகமுரா தனிநபர் பட்டத்தை வென்றார். கோயிச்சி ஓனோவுடன் இணைந்து நாட்டுக்கு அணிப் பட்டத்தையும் பெற்றுத் தந்தார். அந்த வெற்றி ஜப்பானில் கோல்ஃப் மோகத்தையே கிளப்பிவிட்டது. திடல்கள் பெருகின, ஒரு தலைமுறை மட்டையைக் கையிலெடுத்தது. டர்பனில் நடந்ததோ நேர்மாறு. பாப்வா வெல்ல வெல்ல, அவர் பின்னால் வரவிருந்தோருக்கான வழி குறுகியது.

1965ஆம் ஆண்டு நடால் ஓபனில் பாப்வா இரண்டாம் முறையாகப் பட்டம் வென்றார். இம்முறை அவர் வீழ்த்தியவர்களில் ஒருவர் கேரி பிளேயர். தென்னாப்பிரிக்காவின் தலைசிறந்த கோல்ஃப் வீரரான பிளேயர், அதே ஆண்டு அமெரிக்க ஓபனையும் வென்று நான்கு பெரும் பட்டங்களையும் பெற்றவர்களின் வரிசையில் சேர்ந்தார். அப்படிப்பட்டவரை அவர் நாட்டிலேயே, அவருக்குப் பழகிய சூழலிலேயே, வாகனத்தில் உடை மாற்றிக்கொண்டு வந்த ஒருவர் வென்றார். பாப்வாவின் திறமைக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் வேறில்லை. மழைப் படத்தின் புகழில் மறைந்துபோன உண்மை இது: பரிதாபத்துக்குரியவராக அன்று, களத்தில் அஞ்சத்தக்கவராகவே சக வீரர்கள் அவரை அறிந்திருந்தனர். 1963ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓபனிலும் அவர் முதல் இருபது பேருக்குள் இடம்பிடித்திருந்தார்.

ஆட்சியாளர்கள் இதற்கு மேல் பொறுக்கவில்லை. பல இனத்தவர் ஒன்றாக விளையாடுவதையும் ஒன்றாக அமர்ந்து பார்ப்பதையும் கட்டுப்படுத்தும் விதிகள் 1965இல் இறுக்கப்பட்டன. வெள்ளையர் ஆடும் போட்டிகளின் கதவு பாப்வாவுக்கு அடைக்கப்பட்டது. கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டதால் வெளிநாடு சென்று ஆடும் வழியும் அடைபட்டது. கோல்ஃப் வீரரின் முதிர்ந்த பருவம் முப்பதுகளின் பிற்பகுதி. சரியாக அந்த வயதில் அவருடைய ஆட்ட வாழ்வு சட்டத்தால் முடக்கப்பட்டது. தோல்வியால் முடிந்திருந்தால் அதை எந்த வீரரும் ஏற்றுக்கொண்டிருப்பார்.

கேரி பிளேயரின் நிலைப்பாடும் இந்த வரலாற்றில் பேசப்பட வேண்டியதே. 1966ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் அவர் அரசின் இன ஒதுக்கல் கொள்கைக்கு ஆதரவாக எழுதினார். 1969இல் அமெரிக்காவில் நடந்த போட்டியொன்றில் எதிர்ப்பாளர்கள் அவர்மீது பொருள்களை வீசும் அளவுக்கு அது சென்றது. பின்னாளில் அந்த நிலைப்பாட்டை அவர் கைவிட்டார். அமெரிக்கக் கறுப்பின வீரர் லீ எல்டரை 1971ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஆட அழைத்தவரும் அவரே. அமெரிக்காவும் இதில் தூய்மையான நாடன்று. அந்நாட்டுத் தொழில்முறை கோல்ஃப் சங்கம் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை 1961இல்தான் நீக்கியது; மாஸ்டர்ஸ் போட்டியில் ஒரு கறுப்பினத்தவர் முதன்முதலாக ஆட 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாறு ஆடியவரும் லீ எல்டரே. அயல்நாட்டுக் கறுப்பின வீரர் விருந்தினராகத் தென்னாப்பிரிக்கத் திடலில் நடந்தபோது, அந்த மண்ணிலேயே பிறந்து பிளேயரை வென்றவரின் சிறந்த ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன.

இந்தியா இந்தப் பிரச்சினையில் தொடக்கத்திலிருந்தே உறுதியாக நின்றது. 1946ஆம் ஆண்டிலேயே தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தைத் துண்டித்ததோடு, அங்குள்ள இந்தியர்களின் நிலையை ஐ.நா. சபைக்கும் கொண்டு சென்றது. 1974ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவை எதிர்கொள்ள மறுத்து, கைக்கெட்டிய கோப்பையையே இந்தியா விட்டுக்கொடுத்தது. சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் விஜயும் ஆனந்தும் அந்த அணியில் இருந்தனர். உலகக் கோப்பை ஒன்றைத் தொடும் தூரத்தில் நின்ற அந்த வீரர்கள் இழந்ததும் சிறிதன்று. ஆனால் அவர்கள் இழந்தது ஒரு போட்டி. பாப்வா இழந்தது எஞ்சிய ஆட்ட வாழ்வு முழுவதும்.

இறுதி ஆண்டுகளில் பாப்வா வறுமையில் வாழ்ந்தார். வென்ற கோப்பைகள் வீட்டில் இருந்தன; வருவாய் இல்லை. 1978ஆம் ஆண்டு ஜூலையில் மாரடைப்பால் காலமானார். ஐம்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை. நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்து, அனைவரும் வாக்களித்த முதல் தேர்தல் 1994இல் நடைபெற அதன்பின் பதினாறு ஆண்டுகள் ஆயின.

புதிய தென்னாப்பிரிக்கா அவரை மறக்கவில்லை. அரசின் உயரிய அங்கீகாரம் மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது. நீதிபதி கிறிஸ்டோபர் நிக்கல்சன் 2005ஆம் ஆண்டிலும், எழுத்தாளர் மேக்சின் கேஸ் 2015ஆம் ஆண்டிலும் அவருடைய வாழ்க்கையை நூல்களாக வெளியிட்டனர். டர்பனில் உம்கேனி ஆற்றங்கரைப் பகுதியில் உள்ள நகராட்சி கோல்ஃப் திடல் இன்று பாப்வா சியூகோலத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருடைய பிடிக்கும் ஒரு பின்கதை உண்டு. குழிக்கருகே பந்தை மெல்லத் தட்டி உருட்டும் 'பட்டிங்' ஆட்டத்தில், இடக்கையைக் கீழே வைத்துப் பிடிப்பது இன்று முன்னணி வீரர்கள் பலரின் வழக்கம். 2015ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓபன் இரண்டையும் வென்ற ஜோர்டன் ஸ்பீத் அவர்களில் ஒருவர். பயிற்சியாளர்கள் அதை மாணவர்களுக்குக் கற்பிக்கவும் செய்கின்றனர். ஆனால் அது குறுகிய தூரத்துக்கு மட்டும். திடலின் தொடக்கத்தில் நின்று, அந்தப் பிடியோடு முழு வீச்சில் பந்தைத் தொலைவுக்கு அனுப்பித் தேசியப் பட்டம் வெல்ல எவரும் கற்பிக்கவில்லை.